வீட்டில் விதையிலிருந்து முந்திரி மரம் வளர்த்தல்

முந்திரி என்பது மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையான ஒரு கொட்டை மரம் ஆகும். இதன் அறிவியல் பெயர் அனகார்டியம் ஆக்சிடென்டேல். வீட்டில் விதையிட்டு வளர்க்கக்கூடிய கொட்டை மரங்களுள் தமிழ்நாட்டின் சமவெளிக்கும் இலங்கையின் உலர் வலயத்துக்கும் மிகவும் ஏற்றவற்றுள் இதுவும் ஒன்று.

முந்திரிக் கொட்டையை முளைக்க வைப்பது கடினமான வேலை அன்று. சரியான கொட்டையைத் தேர்ந்து, சரியான முறையில் ஊன்றினால் மூன்று வாரங்களில் கன்று கிடைத்துவிடும். ஆனால் விதையிலிருந்து வரும் மரம் தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதி கிடையாது. அது எப்படிக் காய்க்கிறது என்று தெரிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். இடம் குறைவாக உள்ள வீட்டில் ஒரே ஒரு மரம் வைப்பவருக்கு இது பெரிய இழப்பாக முடியலாம். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. விதைக்கன்று சுமார் இரண்டு மாத வயதில் இருக்கும்போது அதன்மேல் நல்ல மரத்தின் குச்சியை ஒட்டுக்கட்டலாம். விதைத் தேர்வு முதல் அறுவடை வரையிலான படிகளையும், விதைக்கன்றை அப்படியே வளர்ப்பதா அல்லது ஒட்டுக்கட்டுவதா என்பதை முடிவு செய்யும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் வரலாறும்

முந்திரியின் தாயகம் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். மணற்பாங்கான நிலத்திலும் சரளை நிலத்திலும் வளரக்கூடியது என்பதால் கடற்கரை ஓரமாகவே இம்மரம் பரவியது. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளும் அரியலூர், புதுக்கோட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களும் முந்திரிக்குப் பெயர் பெற்றவை. இலங்கையில் புத்தளம், மட்டக்களப்பு ஆகிய பகுதிகளில் இது மிகுதியாக வளர்கிறது.

கன்னியாகுமரி வட்டாரத்தில் இதைக் கொல்லாமரம் என்றும், கொட்டையைக் கொல்லாங்கொட்டை என்றும் அழைப்பர். இலங்கைத் தமிழில் மரமுந்திரிகை என்ற பெயரும் கஜு என்ற பெயரும் வழங்குகின்றன. முந்திரிகை என்ற சொல் திராட்சையையும் குறிப்பதால், வேறுபடுத்திக் காட்ட ‘மர’ என்ற முன்னொட்டு சேர்க்கப்படுகிறது.

கொட்டையின் அமைப்பு

மரத்தில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தொங்குவதை முந்திரிப்பழம் என்கிறோம். தாவரவியலின்படி அது உண்மையான கனி அன்று. பூவின் காம்பு பருத்துச் சதைப்பற்றாக மாறிய பொய்க்கனி. அதன் நுனியில் சிறுநீரக வடிவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொட்டைதான் உண்மையான கனி. யாரும் கேட்காமலேயே முந்திக்கொண்டு பேசுபவரை ‘முந்திரிக்கொட்டை’ என்று சொல்வது இந்த அமைப்பை வைத்துத்தான்.

கொட்டையை வெளியிலிருந்து உள்ளாகப் பிரித்தால் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது கடினமான ஓடு. இந்த ஓட்டின் நடுவே தேன்கூடு போன்ற அறைகளில், தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. இரண்டாவது பருப்பை மூடியுள்ள செம்பழுப்பு நிறத் தோல். மூன்றாவது நாம் உண்ணும் பருப்பு. பருப்பின் இரு பாதிகளும் அக்கன்றின் வித்திலைகள். அவற்றுக்கிடையே மிகச் சிறியதாக முளைக்கரு உள்ளது. பருப்பைப் பிளக்கும்போது ஒரு முனையில் சிறு முளை போலக் காணப்படுவது அதுதான்.

கடையில் வாங்கும் பருப்பு ஏன் முளைப்பதில்லை

வீட்டில் மரம் வளர்க்க விரும்பும் பலர் முதலில் செய்து பார்ப்பது கடையில் வாங்கிய முந்திரிப்பருப்பை மண்ணில் புதைப்பது. அது முளைக்காது. ஓட்டை உடைப்பதற்கு முன் தொழிற்கூடங்களில் கொட்டைகளை வறுப்பார்கள் அல்லது நீராவியில் வேகவைப்பார்கள். உடைத்தெடுத்த பருப்பை, தோல் எளிதில் உரிவதற்காக மீண்டும் சூடான அறையில் உலர்த்துவார்கள். இந்த வெப்பத்தில் முளைக்கரு இறந்துவிடுகிறது. ‘பச்சை முந்திரி’ என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளைப் பருப்பும் இப்படிச் சூடு கண்டதே. மேலும், ஓடில்லாத பருப்பு மண்ணில் உள்ள பூஞ்சைக்கும் எறும்புக்கும் விரைவில் இரையாகிவிடும்.

எனவே விதைக்குத் தேவையானது ஓட்டுடன் கூடிய, சூடு காட்டாத, அந்தப் பருவத்தில் பறித்த கொட்டை. முந்திரி விளையும் ஊர்களில் கோடைக்காலத்தில் விவசாயிகளிடம் இது எளிதாகக் கிடைக்கும். கொட்டையின் முளைப்புத் திறன் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும். முந்தைய ஆண்டின் கொட்டையை விதைக்குப் பயன்படுத்துவது நல்லதன்று.

விதை தேர்ந்தெடுத்தல்

விதைத் தேர்வு மரத்திலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் காய்ப்பதும், கொத்துக்குப் பல கொட்டைகள் தருவதும், நோய் தாக்காததுமான நடுத்தர வயது மரத்தைத் தாய்மரமாகக் கொள்ள வேண்டும். சுற்றிலும் உள்ள மரங்களும் நல்லவையாக இருப்பது மேலும் சிறப்பு. இதற்கான காரணம் பின்னர் விளக்கப்படுகிறது.

அடுத்ததாகக் கொட்டையின் எடையைப் பார்க்க வேண்டும். ஒரு கொட்டை 5 முதல் 8 கிராம் எடை இருப்பது விதைக்கு ஏற்றது. வீட்டுத் தராசில் பார்ப்பதானால் பத்துக் கொட்டைகள் சேர்ந்து 50 முதல் 80 கிராம் இருக்க வேண்டும். அளவில் மிகப் பெரிய கொட்டைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. எடைதான் முக்கியம்.

கீழே விழுந்த முற்றிய கொட்டைகளைப் பழத்திலிருந்து திருகி எடுத்து, இரண்டு மூன்று நாட்கள் வெயிலில் உலர்த்த வேண்டும். பின்னர் அவற்றை ஒரு வாளித் தண்ணீரில் போட வேண்டும். உள்ளே பருப்பு நன்கு நிறைந்த கொட்டை மூழ்கும். பருப்பு சுருங்கியதும் பூச்சி அரித்ததும் மிதக்கும். மிதப்பவற்றை நீக்கிவிட வேண்டும். உடனே விதைப்பதில்லை என்றால், மூழ்கிய கொட்டைகளை நிழலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத உலர்ந்த கலத்தில் வைக்கலாம்.

விதைக்கும் காலம்

முந்திரி தமிழ்நாட்டில் பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை அறுவடையாகிறது. கன்றை நிலத்தில் நடுவதற்கு ஏற்ற காலம் மழைக்காலம். இந்த இரண்டுக்கும் இடையில் பையில் கன்று வளர்க்கும் காலம் அமைய வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை நன்கு பெய்யும் கன்னியாகுமரி போன்ற இடங்களில், மழை தொடங்கும்போதே நேரடியாக நிலத்தில் விதைக்கலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கடலூர், புதுக்கோட்டை போன்ற இடங்களில் ஜூலை அல்லது ஆகஸ்டில் பையில் விதைத்தால், அக்டோபர் மழைக்கு இரண்டு மூன்று மாதக் கன்று நடவுக்குத் தயாராக இருக்கும். ஒட்டுக்கட்டுவதாக இருந்தால், ஒட்டுச் சேர்ந்து கன்று தேற மேலும் சில மாதங்கள் தேவை. அதற்கு மே அல்லது ஜூன் மாதத்திலேயே விதைத்துவிடுவது நல்லது.

பையில் விதைத்தல்

சுமார் 25 செ.மீ. உயரமும் 15 செ.மீ. அகலமும் உள்ள பாலித்தீன் பை போதும். அடியிலும் பக்கவாட்டிலும் பத்துப் பதினைந்து துளைகள் இருக்க வேண்டும். பழைய அரிசிப்பை, எண்ணெய் டின் போன்றவற்றையும் துளையிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றின் ஆழம் குறைவாக இருக்கக் கூடாது. செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். மக்காத சாணம் சேர்த்தால் அதன் சூடு வேரைத் தாக்கும், கறையானும் வரும்.

விதைப்பதற்கு முன் கொட்டைகளை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஓடு கடினமானது என்பதால் இந்த ஊறல் முளைப்பை விரைவுபடுத்தும். ஓட்டை உடைத்தோ தேய்த்தோ விதைக்கக் கூடாது. உடைக்கும்போது பருப்பு சிதையும்; ஓட்டு எண்ணெய் கையில் பட்டுப் புண்ணாகும்.

ஊன்றும் நிலை முக்கியமானது. கொட்டை பழத்துடன் ஒட்டியிருந்த காம்புப் பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். இவ்வாறு வைத்தால் முளை தடையின்றி எழும். தலைகீழாக வைத்தால் முளை வளைந்து வர நேரிட்டு, கன்றின் கழுத்துப் பகுதி கோணலாகும் அல்லது ஒடிந்துவிடும். கொட்டைக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. வரை மண் இருந்தால் போதுமானது. ஒரு பைக்கு ஒரு கொட்டை என்ற கணக்கில், தேவைக்கு மேல் மூன்று நான்கு பைகள் கூடுதலாக விதைத்து வைக்கலாம்.

முளைத்தலும் கன்றுப் பராமரிப்பும்

பெரும்பாலான கொட்டைகள் 15 முதல் 20 நாட்களில் முளைக்கும். சில ஒரு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் பொறுமையிழந்து மண்ணைக் கிளறிப் பார்த்தால், வெளியே தெரியாமல் இறங்கியிருக்கும் இளம் வேர் அறுந்துவிடும்.

முதலில் ஆணிவேர் கீழே இறங்குகிறது. பிறகு தண்டு வளைவாக எழுந்து, இரு வித்திலைகளையும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிமிர்கிறது. சில கன்றுகளில் ஓடு வித்திலைகளைக் கவ்வியபடியே மேலே வரும். அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. சற்று நீர் தெளித்து விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாட்களில் தானாகக் கழன்றுவிடும். பச்சை நிறமாக மாறும் அந்தத் தடித்த வித்திலைகளில்தான் கன்றின் முதல் வாரங்களுக்கான உணவு சேமிக்கப்பட்டுள்ளது.

இந்தப் பருவத்தில் அணிலும் எலியும்தான் பெரிய எதிரிகள். முளைவிட்ட முந்திரி மனிதர்களும் விரும்பி உண்ணும் பண்டம். அணில்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பைகளின் மேல் கம்பிவலை அல்லது பழைய கூடையைக் கவிழ்த்து வைத்தால் காப்பாற்றலாம்.

தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மண் ஈரமாக இருக்கும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். நீர் தேங்கினால் தண்டின் அடிப்பகுதி கறுத்து அழுகிக் கன்று சாய்ந்துவிடும். இது மண்ணில் வாழும் பூஞ்சைகளால் வரும் நாற்றழுகல் நோய். வடிகால் சரியாக இருந்தால் பெரும்பாலும் வருவதில்லை. முதல் இரண்டு வாரம் லேசான நிழலும், அதன்பின் படிப்படியாகக் கூடுதல் வெயிலும் தர வேண்டும்.

பையிலேயே அதிக நாள் வைத்திருப்பதும் தவறு. முந்திரியின் ஆணிவேர் வேகமாக நீளக்கூடியது. பையின் அடியைத் தொட்டதும் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட வேருடன் நடப்பட்ட மரம் பிற்காலத்தில் காற்றுக்கு எளிதில் சாயும். ஒட்டுக்கட்டாத கன்றை இரண்டு மூன்று மாதங்களுக்குள் நிலத்தில் நட்டுவிட வேண்டும்.

விதைக்கன்று ஏன் தாய்மரத்தைப் போல் இருப்பதில்லை

முந்திரியின் பூங்கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்து இருக்கும். ஆண் பூக்களே எண்ணிக்கையில் மிகுதி. தேனீ, ஈ, எறும்பு போன்ற பூச்சிகள் ஒரு மரத்தின் மகரந்தத்தை மற்றொரு மரத்துக்குக் கொண்டுசெல்கின்றன. இதனால் ஒரே மரத்தில் ஒரே கொத்தில் விளைந்த இரண்டு கொட்டைகளுக்கும் தந்தை மரம் வெவ்வேறாக இருக்கலாம். தாயின் பண்புகளில் ஒரு பாதியும், எதுவென்று தெரியாத தந்தையின் பண்புகளில் ஒரு பாதியும் சேர்ந்தே ஒவ்வொரு விதையும் உருவாகிறது.

இதன் விளைவைப் பழைய முந்திரித் தோப்புகளில் நேரிலேயே காணலாம். விதையூன்றி உண்டாக்கிய தோப்பில் ஒரு மரம் மஞ்சள் பழமும் அடுத்த மரம் சிவப்புப் பழமும் தரும். ஒன்று கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மற்றொன்று பூத்துக் கொட்டிவிடும். கொட்டையின் பருமனும் பூக்கும் நாளும்கூட மரத்துக்கு மரம் மாறும். தாய்மரம் மட்டுமன்றிச் சுற்றியுள்ள மரங்களும் நல்லவையாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

வீட்டிலேயே ஒட்டுக்கட்டுதல்

தாய்மரத்தின் பண்பை மாறாமல் பெறுவதற்கு அதன் உடலின் ஒரு பகுதியையே வளர்க்க வேண்டும். முந்திரியில் இதற்குப் பரவலாகப் பயன்படுவது இளந்தண்டு ஒட்டு முறை. இதில் விதையிலிருந்து வளர்ந்த கன்று வேர்ச்செடியாக அமைகிறது. நல்ல மரத்திலிருந்து எடுத்த குச்சி மேற்பகுதியாக வளர்கிறது. நாற்றுப்பண்ணையில் விலைக்கு வாங்கும் ஒட்டுக்கன்றின் வேரும் ஏதோ ஒரு விதையிலிருந்து வந்ததே. ஆகவே விதையிட்டுக் கன்று வளர்க்கத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்தவர் ஆகிறார்.

வேர்ச்செடி 45 முதல் 60 நாள் வயதில், தண்டு பென்சில் பருமனுக்கு நெருங்கி, இன்னும் முற்றாமல் இருக்க வேண்டும். ஒட்டுக்குச்சியை நன்கு காய்க்கும் மரத்தின், பூக்காத பக்கக் கிளை நுனியிலிருந்து எடுக்க வேண்டும். எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன், அக்குச்சியில் உள்ள இலைகளின் பரப்பை மட்டும் கத்தரித்து, காம்புகளை விட்டுவைக்க வேண்டும். இதனால் நுனிமொட்டு பருத்துத் தளிர்க்கத் தயாராகும். காம்புகள் தாமே உதிர்ந்துவிடும். பிறகு 10 முதல் 12 செ.மீ. நீளத்தில் குச்சியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, கூடியவரை அன்றே ஒட்டுக்கட்ட வேண்டும்.

ஒட்டுக்கட்டும் முறை வருமாறு:

1. வேர்ச்செடியின் அடியில் இரண்டு இணை இலைகளை விட்டுவிட்டு, மண்ணிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. உயரத்தில் இளந்தண்டு உள்ள இடத்தில் நுனியை வெட்டி நீக்க வேண்டும்.

2. வெட்டிய தண்டின் நடுவில் கூரான கத்தியால் 5 செ.மீ. ஆழத்துக்குப் பிளக்க வேண்டும்.

3. ஒட்டுக்குச்சியின் அடிப்பகுதியை இருபுறமும் சீவி, அதே நீளத்துக்கு ஆப்பு வடிவில் ஆக்க வேண்டும். சீவிய இடத்தை விரலால் தொடக் கூடாது.

4. ஆப்பைப் பிளவில் செருகி, குறைந்தது ஒரு பக்கத்திலாவது இரண்டின் பட்டைகளும் ஒன்றோடொன்று பொருந்துமாறு வைக்க வேண்டும். பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு சேர்ந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும்.

5. பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும்.

6. குச்சியின் மேல் சிறிய பாலித்தீன் உறையைக் கவிழ்த்துக் கட்டி, பையை நிழலில் வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாட்களில் உறையை நீக்கலாம்.

ஒட்டுப் பிடித்திருந்தால் மூன்று நான்கு வாரங்களில் குச்சியின் நுனி தளிர்க்கும். இணைப்புக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் ஒட்டுக்குச்சி பட்டுப்போய், விதைக்கன்றே மீண்டும் வளர்ந்து நிற்கும். முதன்முறை கட்டுபவருக்கு எல்லாக் கன்றும் பிடிப்பதில்லை. கூடுதல் பைகளில் விதைத்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

எந்த வழியைத் தேர்வது

தோட்டத்தில் பல மரங்களுக்கு இடம் உள்ளவர், நிழலும் பழமும் கிடைத்தால் போதும் என்பவர், மாணவர்களுக்கு முளைப்பைக் காட்ட விரும்பும் பள்ளி ஆகியோருக்கு விதைக்கன்றே போதுமானது. பல விதைக்கன்றுகளை நட்டு, காய்ப்பைப் பார்த்துச் சிறந்ததை நிறுத்திக்கொள்ளவும் முடியும். புதிய, நல்ல பண்புள்ள மரங்கள் இப்படிப்பட்ட விதை மரங்களுக்கு இடையிலிருந்தே முதலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. வரிசை இரகங்களில் பலவும் அவ்வாறு தேர்வு செய்யப்பட்டவை.

ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் இடம் உள்ளவரும், கொட்டை விளைச்சலை எதிர்பார்ப்பவரும் விதைக்கன்றின்மேல் ஒட்டுக்கட்டுவது, அல்லது நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கன்று வாங்குவது நல்லது. ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டிலிருந்தே காய்க்கத் தொடங்கும். என்ன காய்க்கும் என்பதும் முன்னரே தெரியும்.

ஆண்டுக்கணக்கு எவ்வளவு பெரியது என்பதைக் கடலூர் மாவட்டம் அறியும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகள் பெருமளவில் சாய்ந்தன. ஒரே நாளில் விழுந்த மரத்தின் இடத்தில் நட்ட கன்று முழு விளைச்சலுக்கு வர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். கன்று நடும் நாளில் எடுக்கும் முடிவு அத்தனை ஆண்டுகளுக்கும் உரியது.

இடமும் நடவும்

முந்திரிக்கு நாள் முழுவதும் வெயில் படும் இடம் தேவை. செம்மண், சரளை மண், கடற்கரை மணல் ஆகியவற்றில் நன்கு வளரும். நீர் தேங்கும் களிமண்ணும் உவர் நிலமும் ஆகா. உறைபனியை இது தாங்காது.

மரம் பக்கவாட்டில் விரியும் இயல்புடையது. வணிகத் தோப்புகளில் மரத்துக்கு மரம் 7 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். தாழ்ந்த கிளைகள் மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடவும் கூடும். பிரேசில் நாட்டின் நதால் நகருக்கு அருகே பிராங்கி என்னும் கடற்கரை ஊரில் உள்ள ஒற்றை முந்திரி மரம் இப்படி வேர்விட்டுப் பரவியே ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர் பரப்பை மூடியுள்ளது. வீட்டுச் சுவரிலிருந்தும் கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்தும் குறைந்தது நான்கைந்து மீட்டர் தள்ளி நடுவது நல்லது. மொட்டை மாடித் தொட்டியில் கன்று சில காலம் இருக்குமே தவிர, நல்ல விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

மூன்று பக்கமும் 45 முதல் 60 செ.மீ. அளவுள்ள குழி எடுத்து, சில நாட்கள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் கன்றை வைக்க வேண்டும். ஒட்டுக்கன்றானால் இணைப்பு மண்ணுக்கு மேல் குறைந்தது 5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இணைப்பைச் சுற்றியுள்ள நாடாவையும் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் ஒடியாதிருக்க ஒரு குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்ட வேண்டும்.

பை இல்லாமல் நேரடியாகக் குழியில் விதைப்பதும் உண்டு. ஒரு குழிக்கு இரண்டு மூன்று கொட்டைகள் ஊன்றி, வளர்ந்தபின் வலுவானதை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டிவிடுவர். இதில் ஆணிவேர் சுருளாமல் நேராக இறங்கும் என்பது நன்மை. அணிலிடமிருந்து காப்பது கடினம் என்பது குறை.

முதல் ஆண்டுகளில் பராமரிப்பு

நட்ட முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்றி, அடியில் காய்ந்த இலைகளால் மூடாக்கு இட வேண்டும். பிறகு மரம் பெரும்பாலும் மழையைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும். தரையிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் உயரம் வரை பக்கக் கிளைகளை நீக்கினால் மரம் நல்ல வடிவம் பெறும். ஒட்டுக்கன்றுகள் முதல் ஆண்டிலேயே பூத்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால் கன்றின் வலு குறையாது.

இரண்டு பூச்சிகளைக் கவனிக்க வேண்டும். தேயிலைக்கொசு எனப்படும் பூச்சி தளிரிலும் பூங்கொத்திலும் சாற்றை உறிஞ்சிக் கருக வைக்கும். தண்டு மற்றும் வேர்த்துளைப்பான் வண்டின் புழு அடிமரத்தைக் குடையும். அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் வெளிவந்தால் உடனே அந்த இடத்தைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிட வேண்டும். விட்டால் மரமே பட்டுப்போகும். வீட்டு மரத்துக்கு இந்த நேரடிக் கவனிப்பே பாதுகாப்பான வழி. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக்கொசுவுக்காகப் பல ஆண்டுகள் வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்களுக்கு அதனால் கடும் உடல்நலக் கேடுகள் நேர்ந்ததாக எழுந்த நீண்ட போராட்டத்தின் பின், 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது.

அறுவடையும் ஓட்டெண்ணெயின் ஆபத்தும்

கொட்டை முற்றியதும் பழத்துடன் தானாகவே கீழே விழும். பறிப்பதைவிடப் பொறுக்குவதே சரியான முறை. பழத்தில் ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ளது. தொண்டையைக் கரகரக்கச் செய்யும் துவர்ப்பு இருப்பதால் உப்புத் தொட்டுத் தின்பது வழக்கம்.

கொட்டையை உடைக்கும்போது மிகுந்த கவனம் தேவை. ஓட்டு எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் போன்ற பொருட்கள் உள்ளன. இவை தோலில் பட்டால் கொப்புளமும் புண்ணும் உண்டாகும். பச்சைக் கொட்டையைக் குழந்தைகள் பல்லால் கடிக்க விடவே கூடாது. நெருப்பில் சுடும்போது எண்ணெய் தீப்பிடித்துத் தெறிக்கும். அதன் புகையும் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். திறந்த வெளியில், காற்று வீசும் பக்கத்தில் நின்று, நீளமான கம்பியால் கிளறியே சுட வேண்டும். உடைக்கும்போது கையுறை அணிய வேண்டும். கையில் சாம்பல் அல்லது எண்ணெய் பூசிக்கொள்வது தொழிலாளர்களின் பழைய வழக்கம். மரம் ஒன்றிரண்டு மட்டுமே உள்ள வீட்டில், கொட்டைகளைக் காயவைத்து வியாபாரியிடம் கொடுத்துவிடுவதே எளிது.

பிற கொட்டை மரங்கள்

பாதாம் எனப்படும் வாதுமை, அக்ரூட் எனப்படும் வால்நட் ஆகியவற்றின் விதைகள் முளைப்பதற்குக் குளிர்காலம் ஒன்றைக் கடக்க வேண்டும். ஈர மணலில் வைத்துக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மாதங்கள் வைத்தால் அவை முளைக்கும். ஆனால் முளைத்த கன்று மரமானபின்பும் ஒவ்வோர் ஆண்டும் பூப்பதற்குப் பல நூறு மணி நேரக் குளிர் தேவை. காஷ்மீரத்தில் கிடைக்கும் அக்குளிர் தமிழ்நாட்டுச் சமவெளியில் இல்லை. எனவே இங்கு அவை இலை விடலாமே தவிரக் காய்க்க வாய்ப்பில்லை. பாதாம் விதைக்கன்றுகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இனிப்புப் பருப்பிலிருந்து வளர்ந்த மரமும் சில வேளைகளில் கசப்புப் பருப்பைத் தரும். கசப்பு வாதுமையில் சயனைடு நஞ்சை வெளியிடும் அமிக்டலின் உள்ளது.

சமவெளியில் முந்திரிக்கு அடுத்தபடி எளிதில் முளைப்பது, பள்ளி வளாகங்களிலும் கடற்கரைகளிலும் அடுக்கடுக்கான கிளைகளுடன் நிற்கும் நாட்டு வாதுமை. கீழே விழுந்த புதிய காயை முழுதாக மண்ணில் படுக்கவைத்து மூடினால் சில வாரங்களில் முளைக்கும். பருப்பு சிறியது, ஆனால் சுவையானது. ஓட்டில் புண்ணாக்கும் எண்ணெய் இல்லாததால், குழந்தைகள் முதன்முதலாக விதையிட்டு வளர்க்க இது பாதுகாப்பான மரம்.

கால அட்டவணை

ஒட்டுக்கட்டி முந்திரி வளர்ப்பவருக்கான சுருக்கமான காலக்கணக்கு வருமாறு:

மார்ச் முதல் மே வரை: தாய்மரம் பார்த்துக் கொட்டை சேகரித்தல், உலர்த்துதல், தண்ணீரில் இட்டுச் சோதித்தல்.

மே அல்லது ஜூன்: ஒரு நாள் ஊறவைத்துப் பையில் ஊன்றுதல்.

விதைத்த 15 முதல் 20 நாட்கள்: முளைத்தல். அணில், எலியிடமிருந்து காத்தல்.

முளைத்த 45 முதல் 60 நாட்கள்: ஒட்டுக்கட்டுதல்.

வடகிழக்குப் பருவமழைக் காலம்: தேறிய கன்றை நிலத்தில் நடுதல்.

முதல் இரண்டு ஆண்டுகள்: பூங்கொத்துகளைக் கிள்ளுதல், அடிக்கிளைகளை நீக்குதல், கோடையில் நீர் ஊற்றுதல்.

மூன்றாம் ஆண்டு முதல்: காய்ப்பு.

எட்டாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை: முழு விளைச்சலை அடைதல். நன்கு பராமரிக்கப்படும் மரம் அதன்பின்னும் பல ஆண்டுகள் பயன் தரும்.